எஞ்சினுக்கு ஏன் டிரா தெரிவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை செஸ் வகுப்பு நடத்துகிறவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் சுற்றிச் சுற்றி வரும். பிள்ளைகளைவிட அவர்களோடு வரும் அப்பாக்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். கையில் போன், போனில் எஞ்சின், அதாவது செஸ் ஆடும் நிரல். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதிவைத்துவிட்டேன். பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் ஒரு வார்த்தை: இங்கே யானை என்றால் ரூக், மந்திரி என்றால் பிஷப்.

எஞ்சின் +4 காட்டுகிறது. கோச் பார்த்துவிட்டு "டிரா" என்கிறார். யார் சொல்வது சரி?

காய்கள் ஒன்றையொன்று மறித்து அடைப்பு விழுந்த நிலையாக இருந்தால் பெரும்பாலும் கோச்தான். ஆனால் எஞ்சின் பொய் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் கேட்டது ஒன்று, அது சொன்னது வேறொன்று.

இரண்டு பக்கமும் பிழையே செய்யாமல் ஆடினால் எந்த நிலைக்கும் மூன்றே விடைகள்தான்: வெள்ளை ஜெயிக்கும், கறுப்பு ஜெயிக்கும், டிரா. +4 என்பது இந்த மூன்றில் எதுவும் இல்லை. "இப்படிப்பட்ட நிலைகளில் வெள்ளைக்கு நிறையச் சாதகம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்" என்ற அனுபவ மதிப்பீடு, அவ்வளவுதான். ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினின் 15.1 பதிப்பிலிருந்து (2022) +1.00 என்றால், எஞ்சினும் எஞ்சினும் மோதும்போது அந்த நிலையில் ஜெயிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 50 சதவீதம் என்று அளவை மாற்றி அமைத்தார்கள். ஆக அந்த எண்ணே ஒரு சராசரி. உங்கள் முன்னால் இருக்கும் நிலை சராசரியில் சேராத ஒன்றாக இருந்தால் எண் வழுக்கும்.

எஞ்சின் ஏமாறும் நிலை ஒன்றைக் காட்ட முடியுமா?

ஒரு போர்டை எடுத்து வையுங்கள் (ஏ6 என்றால் ஏ நெடுவரிசையில் ஆறாவது கட்டம்). 2017இல் பென்ரோஸ் இன்ஸ்டிட்யூட் வெளியிட்ட புதிர் இது. இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் பெயரில் உள்ள அமைப்பு.

கறுப்பு: ராஜா ஏ6, ராணி ஏ5, யானைகள் ஏ4, பி5. மந்திரிகள் மூன்று: ஈ5, எஃப்4, ஜி3. சிப்பாய்கள் ஏ7, பி6, சி5, பி4, ஏ3.
வெள்ளை: ராஜா ஈ2, சிப்பாய்கள் ஏ2, பி3, சி4, சி6. ஆட வேண்டியது வெள்ளை.

பள்ளிக்கூடக் கணக்குப் போட்டால் ராணி 9, யானைகள் 10, மந்திரிகள் 9, சிப்பாய்கள் 5. கறுப்பிடம் 33, வெள்ளையிடம் 4. எஞ்சினும் ஏறக்குறைய இந்தத் தொனியில்தான் பேசும்: கறுப்புக்குப் பிரம்மாண்ட சாதகம்.

இப்போது கறுப்புக் காய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ராணியைச் சுற்றி ஐந்து கட்டம், ஐந்திலும் சொந்தக் காய். யானைகள் இரண்டும் இப்படியே புதைந்து கிடக்கின்றன. ராஜாவுக்குக் காலியான ஒரே பக்கத்துக் கட்டம் பி7. அதை சி6இல் இருக்கும் வெள்ளைச் சிப்பாய் காவல் காக்கிறது. ஐந்து சிப்பாய்களுக்கும் முன்னால் ஒரு காய் மறித்து நிற்கிறது. அசையக்கூடியவை மூன்று மந்திரிகள் மட்டுமே. அந்த மூன்றும் கறுப்புக் கட்ட மந்திரிகள்! (இரண்டு சிப்பாய்கள் மந்திரியாக மாறியிருக்க வேண்டும். நிஜ ஆட்டத்தில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள், ஆனால் விதியில் இடம் உண்டு.)

வெள்ளையின் நான்கு சிப்பாய்களும் வெள்ளைக் கட்டத்தில் நிற்கின்றன. ராஜாவும் வெள்ளைக் கட்டங்களிலேயே குறுக்காக நடந்துகொண்டிருந்தால் அவருக்கு ஆயுசுக்கும் செக் கிடையாது. வெள்ளை முக்கியமாகச் செய்யக்கூடாதது இது: கைக்கெட்டும் தூரத்தில் யானை நிற்கிறதே என்று சிப்பாயால் வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் அடைப்பு உடைந்து ராணி வெளியே வந்துவிடும்.

வகுப்பில் இதை வைத்தபோது பதினோரு வயதுப் பையன் ஒருவன் ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்கமாட்டான். "சார், ராஜா வெள்ளைக் கட்டத்துலயே போனா யாரு செக் குடுப்பா?" என்றான். முடிந்தது. அந்தக் கேள்விதான் நிரூபணம். எஞ்சினுக்குள் அப்படிக் கேட்கிற பகுதி என்று எதுவும் இல்லை.

ஆனால் எஞ்சின் நொடிக்கு லட்சக்கணக்கான நிலைகளைப் பார்க்கிறதே? பார்த்துக்கொண்டே போனால் தெரியாதா?

நல்ல கேள்வி; எல்லாரும் வழுக்கும் இடமும் இதுதான்.

மேலே உள்ள அடைப்பு உடையாதவரை எத்தனை நிலைகள் வரமுடியும் என்று எண்ணிப் பார்ப்போம். கறுப்புக் கட்டங்கள் 32இல் 6 ஏற்கெனவே நிரம்பியவை. மீதி 26இல் மூன்று மந்திரிகள் நிற்க 2,600 வழிகள். வெள்ளை ராஜாவுக்கு வெள்ளைக் கட்டங்கள் இருபது சொச்சம். பெருக்கினால் சுமார் அறுபதாயிரம். யார் முறை என்பதையும் சேர்த்தால் அதன் இரட்டிப்பு. எஞ்சினுக்கு இது கண் சிமிட்டும் நேரத்து வேலை.

ஆனால் எஞ்சின் நிலைகளை எண்ணுவதில்லை, வழிகளில் நடக்கிறது. ஊரில் நான்கே தெருக்கள் இருக்கலாம். அவற்றைச் சுற்றி வரும் வழிகள் எண்ணி மாளாது. மந்திரி இங்கே, ராஜா அங்கே, இன்னொரு மந்திரி இங்கே என்று ஒவ்வொரு கிளையிலும் இறங்கி, ஒரு ஆழத்தில் நின்று, அங்கே காய்களைப் பார்த்து மதிப்பெண் போடுகிறது. எந்தக் கிளையின் நுனியில் நின்று பார்த்தாலும் கறுப்பிடம் 33, வெள்ளையிடம் 4. எல்லா நுனியிலும் ஒரே சேதி வந்தால் அடிமரத்துக்கும் அதே சேதிதான் வந்து சேரும்.

டிரா என்று தெரிய வேண்டுமானால் வழி எங்காவது முடிய வேண்டும். ஸ்டேல்மேட் (செக் இல்லாமலேயே ஆட நகர்வு இல்லாமல் போவது), ஒரே நிலை திரும்ப வருதல், 50 நகர்வு விதி (சிப்பாய் நகராமல், காய் வெட்டுப்படாமல் 50 நகர்வு ஓடினால் டிரா), இவற்றில் ஒன்றில் போய் முட்ட வேண்டும். இங்கே ஸ்டேல்மேட்டுக்குப் பேச்சே இல்லை. நிலை திரும்புவதைக் கறுப்பு எளிதாகத் தவிர்க்கும், மந்திரியை வைக்கப் புதுப்புது இடம் கிடைத்துக்கொண்டே இருக்கிறதே. மிச்சம் 50 நகர்வு விதி. இரண்டு பக்கமும் சேர்த்தால் 100 அடி (ஒருவர் ஒருமுறை ஆடுவது ஓர் அடி). எத்தனை அடி முன்னே பார்த்தது என்று திரையில் "ஆழம் 40" எனப் பெருமையாக வருகிறதே, அதற்கு இது இரண்டு மடங்குக்கும் மேல். அந்த 40கூட எல்லாக் கிளையிலும் போனதல்ல, நடுவில் ஏகப்பட்ட கிளைகளை வெட்டிவிட்டுப் போனது.

தேடல் நிற்கும் கோட்டுக்கு அப்பால் நடப்பது தெரியாத இந்தக் குறைக்கு 'அடிவான விளைவு' என்று 1973இல் பெயர் வைத்தவர் ஹான்ஸ் பெர்லினர். செஸ் ஆட்டக்காரர், கணினி ஆய்வாளர் இரண்டுமாக இருந்தவர். அவர் பேசியது பெரும்பாலும் கண்ணுக்கு எட்டாமல் தள்ளிப்போடப்படும் இழப்பைப் பற்றி. டிராவில் அதே குறை இன்னும் மோசமாகக் கடிக்கும். ராணி பறிபோவது ஒரு சம்பவம். என்றைக்காவது தேடலில் சிக்கும். கோட்டை, அதாவது எதிரியால் உடைக்க முடியாத இப்படிப்பட்ட அடைப்பு, விழாமல் நிற்பது சம்பவமே இல்லை. எதுவுமே நடக்காததைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி?

50 நகர்வு விதியும், ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா என்ற மும்முறை விதியும் எஞ்சினுக்குத் தெரியாதா?

தெரியும். தேடலுக்குள் ஒரு நிலை இரண்டாம் முறை வந்தாலே பல எஞ்சின்கள் அதை டிரா என்று எழுதிவிடும். மூன்றாம் முறைக்குக் காத்திருப்பதில்லை. 50 நகர்வுக்கான எண்ணியும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டாக்ஃபிஷ் இந்த எண்ணி ஏற ஏறத் தன் மதிப்பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவும் செய்கிறது.

சிக்கல் வேறிடத்தில். ஒரே நிலைக்குப் பல வழிகளில் வந்து சேரலாம் என்பதால், ஒருமுறை கணக்கிட்டதை எஞ்சின் ஒரு பெரிய அட்டவணையில் போட்டு வைக்கும். அதில் பதிவாவது காய்கள் எங்கே நிற்கின்றன என்பதுதான், எந்த வழியாக வந்தோம் என்பதல்ல. டிராவோ வந்த வழியைப் பொறுத்தது: இதே நிலை முன்பு வந்ததா, சிப்பாய் நகர்ந்து எத்தனை நகர்வாயிற்று? அதனால் ஒரு வழியில் சரியாக இருந்த விடை இன்னொரு வழியில் தவறாகப் பயன்படலாம். வரலாற்றையும் சேர்த்தே பதிந்தால் அட்டவணையால் கிடைத்த வேகம் போய்விடும். இந்தப் பேரத்தில் எஞ்சின் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தின் பக்கம்தான் சாய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்; ஆட்டங்களை ஜெயிக்க வைப்பது வேகம்தான்.

இதன் விளைவு ஒன்றை நீங்களே பார்த்திருக்கலாம். எஞ்சின் +3 என்று நாற்பது நகர்வு காய்களை முன்னும் பின்னும் உருட்டும். அந்த எண்ணி 50ஐ நெருங்கியதும் திடீரென்று ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுக்கும். சிப்பாய் நகர்ந்தாலோ காய் வெட்டுப்பட்டாலோ எண்ணி பூஜ்யத்துக்குப் போய்விடும் அல்லவா? ஜெயிக்கிற ஆட்டம் என்று நம்பிக்கொண்டிருப்பதால் டிராவைத் தள்ளிப்போட அது விலை கொடுக்கிறது.

போட்டி விதியையும் சொல்லிவிடுகிறேன், பெற்றோர் குழப்பிக்கொள்வதால். மும்முறையும் 50 நகர்வும் ஆட்டக்காரர் கேட்டால்தான் டிரா. ஐந்து முறை வந்தாலோ 75 நகர்வு ஓடினாலோ கேட்காமலேயே டிரா.

சின்னச் சின்ன நிலைகளில்கூட எஞ்சின் தடுமாறுமா?

ஒரு காலத்தில் நன்றாகவே தடுமாறியது. எடுத்துக்காட்டு, தவறான நிற மந்திரி. வெள்ளையிடம் ராஜா, ஏ வரிசையில் ஒரு சிப்பாய், கறுப்புக் கட்ட மந்திரி; கறுப்பிடம் ராஜா மட்டும். சிப்பாய் ராணியாக வேண்டிய ஏ8 வெள்ளைக் கட்டம். கறுப்பு ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்துவிட்டால் அவரை எழுப்பவே முடியாது. நெருங்கினால் ஸ்டேல்மேட். ஏ வரிசையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று சிப்பாய்கள் நின்றாலும் இதே கதைதான். பழைய எஞ்சின்கள் மந்திரி 3, சிப்பாய் 1 என்று கூட்டி +4 என்றன. அதை நம்பி, ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் மற்ற எல்லாக் காய்களையும் மாற்றிக்கொண்டு இந்த நிலைக்குள் வந்து விழுந்தன.

மருந்து எளிது: "இப்படி வந்தால் டிரா" என்று ஒரு விதியை நிரலில் எழுதுவது. எதிரெதிர் நிற மந்திரி (ஒருவரிடம் வெள்ளைக் கட்ட மந்திரி, மற்றவரிடம் கறுப்புக் கட்ட மந்திரி) முடிவாட்டத்துக்கு மதிப்பெண்ணைக் குறைக்க ஒரு விதி, இன்னொன்றுக்கு இன்னொரு விதி. ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி. ஒட்டில்லாத இடத்தில் கிழியும்.

7 காய் வரை எல்லாம் தீர்த்துவைத்துவிட்டார்கள் என்கிறார்களே?

உண்மை. டேபிள்பேஸ் என்று பெயர். செக்மேட்டிலிருந்து பின்னோக்கி நடந்து ஒவ்வொரு நிலைக்கும் விடை எழுதிவைத்த அகராதி. மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமனோசோவ் சூப்பர்கணினியில் 7 காய்கள் 2012இல் முடிந்தன. அளவு 140 டெராபைட். ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிஜிஜி முறையில் அதே 7 காய்களை ஏறத்தாழ 18 டெராபைட்டுக்குள் அடக்கி 2018இல் முடித்தார்கள். ஆறு காய் வரைக்கும் போதும் என்றால் 150 ஜிபி, வீட்டுக் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். 7 காய் நிலைகள் மொத்தம் சுமார் 423 லட்சம் கோடி.

இங்கே மதிப்பீடு என்ற பேச்சே இல்லை, விடை மட்டும்தான். தவறான நிற மந்திரிக்கெல்லாம் இனி யோசிக்கவே வேண்டாம். ஆனால் பென்ரோஸ் நிலையில் 17 காய்கள். நாம் அன்றாடம் மாட்டிக்கொள்ளும் கோட்டைகளிலும் பத்துப் பன்னிரண்டாவது இருக்கும். அகராதி அங்கே வராது.

சிஜிஜியில் எனக்குப் பிடித்தது, ஐந்து வகை விடை உண்டு என்பது. வெற்றி, தோல்வி, டிரா போக, 50 நகர்வு விதியால் கைநழுவும் 'சபிக்கப்பட்ட வெற்றி', அதே விதியால் தப்பிக்கும் 'ஆசீர்வதிக்கப்பட்ட தோல்வி'. லொமனோசோவ் கண்ட மிக நீண்ட மேட் 549 நகர்வு. போட்டியில் அதை யார் போட விடுவார்கள்!

நியூரல் நெட்வொர்க் வந்த பிறகு இதெல்லாம் சரியாகியிருக்குமே?

குறைந்திருக்கிறது, போகவில்லை. ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு 2018இல் உருவாக்கிய என்என்யூஇ என்ற சிறு நெட்வொர்க்கை 2020 செப்டம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 12 எடுத்துக்கொண்டது. 2024இல் வந்த 16.1 பதிப்பில், மனிதர் கையால் எழுதிய மதிப்பீட்டுப் பகுதி முழுக்க நீக்கப்பட்டது. மேலே சொன்ன ஒட்டுப்போட்ட சட்டையை ஒரேயடியாகக் கழற்றிப் போட்டார்கள்.

நெட்வொர்க் லட்சோப லட்சம் நிலைகளைப் பார்த்துப் பழகுகிறது. அடைபட்ட சிப்பாய்ச் சுவர், எதிரெதிர் நிற மந்திரி போன்றவை அவற்றில் நிறைய வருவதால் அந்த வாசனையைப் பிடித்துக்கொள்கிறது. இப்போதைய எஞ்சின்கள் வெற்றி, டிரா, தோல்வி என்று மூன்று விகிதமாகவும் சொல்லும்; என் அனுபவத்தில் ஒற்றை எண்ணைவிட அதைப் பார்ப்பது மேல். ஆனால் அபூர்வமான கோட்டைகள் பயிற்சியிலும் அபூர்வம்தான். மூன்று மந்திரிகளும் ஒரே நிறத்தில் நிற்கும் ஆட்டத்தை எந்த நெட்வொர்க் எத்தனை முறை பார்த்திருக்கும்? பழக்கத்தில் வந்த அறிவு பழகாத இடத்தில் கைவிடும். நமக்கும் அப்படித்தானே?

அப்படியானால் கோட்டை விஷயத்தில் மனிதன் எஞ்சினைவிடக் கெட்டிக்காரனா?

அப்படிச் சொல்லி யாராவது மார்தட்டினால் 2018 லண்டன் உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டத்தைக் காட்டுங்கள். வெள்ளை கார்ல்சன், கறுப்பு கருவானா. கருவானாவிடம் ஒரு குதிரை கூடுதல். ஈடாகக் கார்ல்சனிடம் சிப்பாய்கள். பார்த்தவர்கள் கோட்டை நிற்கிறது என்றே நினைத்தார்கள். நார்வேயில் ஓடிய செஸ்ஸெ என்ற கணினி மட்டும் 68ஆவது நகர்வில் மந்திரியை ஹெச்4க்கு வைத்தால் கறுப்புக்கு வெற்றி என்று காட்டியது. அந்த வழியில் கறுப்பு தன் குதிரையைத் தானே ஜி1 என்ற கடைசி வரிசை முடுக்குக்குள் கொண்டுபோக வேண்டும். ரத்தமும் சதையுமான எவரும் தேடிப்போகாத நகர்வு. கருவானா அதை ஆடவில்லை. 80 நகர்வில் டிரா.

கோட்டை என்று நாம் நம்புவதில் ஒரு பகுதி, உடைக்கும் வழி நமக்குத் தெரியாததால் வந்த நம்பிக்கை. எஞ்சின் "நிற்காது" என்று ஒரு வழியைக் காட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். வழி காட்டாமல் வெறும் எண்ணைக் காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எஞ்சின் 0.00 என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன்ஷிப், குகேஷ்–டிங் லிரன், பதினான்காவது ஆட்டம். சென்னையில் பாதிப் பேர் அன்று எஞ்சினின் மதிப்பெண் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கறுப்பு ஆடிய குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல்; இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி. எஞ்சின் கணக்கில் டிரா. 55ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2க்குக் கொண்டுவந்தார். யானைகள் மாறின, குகேஷ் தன் மந்திரியை டி5இல் வைத்து அதையும் மாற்றச் சொன்னார், மிச்சமிருந்த ராஜா–சிப்பாய் ஆட்டம் கறுப்புக்கு வெற்றி. 58ஆவது நகர்வோடு முடிந்தது. டிரா என்பது சரியாக ஆடினால்தான் டிரா; நாலு மணி நேரம் உட்கார்ந்து களைத்தவருக்கு எஞ்சின் அதை எழுதிக்கொடுத்துவிடாது.

என் ஆட்டத்தில் வந்த நிலை கோட்டையா என்று வீட்டில் எப்படிச் சோதிப்பது?

எண்ணைப் பார்க்காமல் அது நகர்வதைப் பாருங்கள். ஆழம் 20இல் +3.1, 30இல் +3.1, 40இலும் +3.1 என்று செத்த பாம்பு மாதிரி கிடந்தால் சந்தேகம் கொள்ளலாம். நிஜமாக ஜெயிக்கிற நிலையில் ஆழம் கூடக் கூட எண் பெரும்பாலும் ஏறும். அடுத்து, எஞ்சின் காட்டும் வழியைப் படியுங்கள். யானை ஏ1, யானை பி1, மறுபடி யானை ஏ1 என்று போனால் அதற்குத் திட்டமில்லை. பிறகு எஞ்சினையே இரண்டு பக்கமும் ஆடவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். எண்ணி 50ஐ நெருங்கும்போது +3 பொத்தென்று 0.00க்கு விழுந்தால் விடை கிடைத்துவிட்டது. காய்கள் ஏழுக்குள் வந்துவிட்டால் இத்தனை வேலையே வேண்டாம், லிச்செஸ் தளத்தில் நிலையை வைத்தாலே டேபிள்பேஸ் பதில் சொல்லும், இலவசம்.

முதலில் பென்ரோஸ் நிலையை வைத்துப் பழகுங்கள். ஏ5 ராணி, ஏ4 யானை, பி5 யானை மூன்றையும் சரியாக வையுங்கள். ஒரு கட்டம் தள்ளி வைத்தால் ராணி வெளியே வந்துவிடும், பிறகு எஞ்சின் சொன்னதுதான் சரி என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள். போன வருடம் ஒரு அப்பா வந்தார்.